மேகத்துக்குத் தட்டு வைத்தவர்

அனிசேயின் வேலையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ராக்கெட் ஏறும் நாளில், விடியும் நேரத்தில், அவர் புல்வெளிக்குப் போவார். அங்கே இடுப்பு உயரக் கம்பங்கள் நட்டிருக்கும். ஒவ்வொரு கம்பத்தின் மேலும் அகலமான வெள்ளைத் தட்டு ஒன்றை வைத்து, அதில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுவார். ராக்கெட் போன பிறகு திரும்பிப் போய் அந்தத் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்துக்கொண்டு வருவார். அவ்வளவுதான்.

"வானத்துக்குப் பந்தி பரிமாறுறவன் வர்றான் பாரு" என்று சினமரிச் சந்தையில் மீன் விற்கும் பெண்கள் கேலி செய்வார்கள்.

"ஆமா, சாப்பிட்டு எச்சில வச்சுட்டுப் போகுது. நான் அள்ளுறேன். உங்க புருஷன் எச்சிலத் தினம் நீங்க அள்ளலையா?" என்பார் அவர்.

அந்த எச்சில்தான் விஷயம். பெரிய ராக்கெட்டின் இரு பக்கமும் தூண்போல் இரண்டு குழாய்கள் நிற்கும். அவற்றில் எரிவது திட எரிபொருள். அந்தப் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு, அலுமினியம் எரிந்த மாவுபோன்ற வெள்ளைத் தூளும் உண்டு. கிளம்பும் இடத்திலேயே அது வெண்மேகமாகக் குவிந்து, தன் சூட்டினாலேயே மேலே ஏறும். தன் சூடும் சுற்றியுள்ள காற்றின் சூடும் ஒன்றாகிற உயரம் வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் அதற்கென்று விருப்பம் கிடையாது. காற்று போகும் பக்கம் போகும், போகப் போக அகலும், வெளுக்கும், கடைசியில் எது மேகம் எது வானம் என்று சொல்ல முடியாமல் ஆகும்.

அந்தக் காற்றுதான் என் வேலையாக இருந்தது. பிரான்சின் கடல்கடந்த மண்ணான குரூவில், ஏவுதளத்து வானிலை நிலையத்தில் பலூன் விடுவேன். எந்த உயரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு வேகம் என்று பார்த்துச் சொல்வேன். காற்று ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தால் ராக்கெட் ஏறாது. மேகம் எங்கே போகும் என்று நாங்கள் முன்கூட்டிச் சொன்னதை, போனபின் சரியா தப்பா என்று சொல்வது அனிசேயின் தட்டுகள். நான் அவரைப் பற்றி எழுதுவது அந்த உறவில்தான். நான் நேரில் பார்த்ததையும், அவரும் யுலாலியும் தங்கள் வாயால் சொன்னதையும் மட்டுமே எழுதுகிறேன்.

அனிசே சினமரியில் பிறந்தவர். அப்பா ஆற்றுமுகத்தில் மீன் பிடித்தார். மகனுக்குப் படகில் தலைசுற்றும். அதனால் இளவயதிலேயே மரம் அறுக்கும் ஆலைக்குப் போனார். பிறகு ஏவுதளத்தில் புல் வெட்டுகிற வேலை, அதற்கப்புறம் தட்டு வைக்கிற வேலை. எங்கேயோ நடுவில் அவருடைய மூக்கு செத்துப்போனது. ஆலையின் தூளா, அந்த வெள்ளை மேகமா, அல்லது அவர் விரும்பிக் குடித்த ரம்மா என்று மருத்துவரிடம் கேட்டேன். மூன்றும் இருக்கலாம் என்றார். அனிசே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மூக்கு போனா என்ன கொம்பே, கண்ணு இருக்குல்ல" என்பார். என்னை எப்போதும் கொம்பே என்றுதான் கூப்பிடுவார். கூட்டாளி என்று பொருள்.

கண் அவருக்கு நன்றாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்று சொல்லலாம். தட்டுகளை வைத்துவிட்டுப் புல்வெளி நடுவே நின்று பார்ப்பார். பனி இன்னும் கலையாத நேரம். பாக்குமரம் போன்ற நெட்டை மரங்கள் முழங்கால் வரை வெண்மையில் நிற்கும். தூரத்தில் வரிசையாகத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வானம். "இவ்வளவு வானத்த நானே ஊத்தி வச்சேன்" என்பார். மேகத்தைப் பற்றிப் பேசும்போது மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். "இன்னைக்கு மெதுவா மேயுது." "இன்னைக்கு ரெண்டாப் பிரிஞ்சிருச்சு, ஒண்ணு கடலுக்குப் போச்சு, ஒண்ணு காட்டுக்குப் போச்சு." அவர் சொன்னது சரிதான். கீழே ஒரு காற்று அடிக்கும், மேலே வேறொரு காற்று அடிக்கும். மேகம் இடுப்பில் ஒடிந்து இரு திசையில் போவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவர் தட்டுகளில் கடைசித் தட்டு மல்மனூரி ஓடைக்கு அக்கரையில் இருந்தது. எதுவும் வராது என்று காட்டுவதற்காகவே வைத்த தட்டு அது. அதற்குச் சற்றுத் தள்ளி யுலாலியின் வீடு. ஓடைக்கரையில் இருந்த ஒரே வீடு.

யுலாலிக்குக் கணவர் இறந்து பல வருடம். பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். மரவள்ளி போடுவாள், வறுத்த மாவு விற்பாள், கோழி வளர்ப்பாள். சினமரியில் எல்லோருக்கும் அவள் தாந்தின் யுலாலி, அதாவது அத்தை. தகரக் கூரையிலிருந்து மழை இறங்கும் இடத்தில் ஒரு பெரிய பீப்பாய் வைத்திருந்தாள். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதிலிருந்துதான்.

அனிசே அவளை விரும்பினார். மறைக்கவில்லை. அவருக்கு வேலையோடு சேர்த்து குரூவில் இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். இரண்டாவது அறையில் ஊஞ்சல் படுக்கை மாட்ட இரண்டு கொக்கி அடித்து வைத்திருந்தார். ஈஸ்டர் வந்தால் ஒரு தடவை கேட்பார். அவள் ஒரு தடவை மறுப்பாள்.

"உன் வீட்டுல மழை பெஞ்சா தெரியவே மாட்டேங்குது அனிசே. கூரைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போகுது. எனக்குப் பீப்பாய்க்குள்ள விழுற சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வரும்."

"சத்தம்தானே? நான் ராத்திரி முழுக்க வாளியில தண்ணி ஊத்துறேன், வா."

"முதல்ல நீ உன் சட்டையத் துவை. அப்புறம் பாக்கலாம்."

அந்த வருடம் மழை கடுமை. ஓடை கரைமீறி அக்கரைக் கம்பத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த ராக்கெட்டுக்கு முன் புதுக் கம்பம் நட நேரமில்லை. அதனால் அனிசே கடைசித் தட்டை யுலாலியின் வாசலில், துணி உலர்த்தும் கம்பத்தின் பக்கத்தில், ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். அந்தத் தட்டு மனிதர் வாசலுக்கு வந்தது அதுவே முதல் தடவை.

அன்று கீழ்க்காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. மேகத்தின் அடிப்பாகம் தென்மேற்கே காட்டுக்குள் போனது. மேல்காற்று கொஞ்சம் திரும்பியிருந்தது. மேல்பாகம் மெலிந்து மேற்கே ஓடைப்பக்கமாக நகர்ந்ததைப் பார்த்தேன். மதியம் ஓடைமேல் ஒரு தூறலும் விழுந்தது. மாலை அனிசே புட்டிகளைக் கொண்டுவந்தார். கடைசிப் புட்டியில் அமிலம் காட்டும் சோதனைத் தாளை நனைத்ததும் அது சிவந்தது. அமிலம். அது யுலாலியின் வாசலில் பிடித்த புட்டி.

ஒரு வாரம் கழித்துப் பாதுகாப்புக் குழுவின் கூட்டம். மேகத்தின் போக்கைக் கணக்கிடுபவர் மதாம் கெர்வெல், பிரான்சிலிருந்து வந்த இளம் பொறியாளர். கெட்டிக்காரி, பொறுமையானவள். சுவரில் வரைபடம் மாட்டியிருந்தாள்.

"அடிக்காற்று அந்தப் பக்கம் போகல. ஒத்துக்கிறேன்" என்றாள். "ஆனா மேல இருந்த பகுதி போயிருக்கு. அதுக்குள்ள மழை பெஞ்சா அமிலத்தக் கழுவிக் கீழே கொண்டுவந்துரும். அப்படித்தான் நடந்திருக்கணும்."

"தட்டுல வெள்ளைத் தூள் இல்லையே" என்றேன்.

"மழையில கரையுறது அமிலம். தூள் அதோட சேர்ந்து வரணும்னு அவசியம் இல்ல மெஸ்யே" என்று, ஐயா போட்டு மரியாதையாகவே மறுத்தாள்.

அதுவும் சரியான பேச்சுதான். அந்த அமிலம் தண்ணீரில் விட்டுப்போகும் உப்பை வைத்து மேகம்தானா என்று பார்க்கலாம் என்றால், இங்கே கடல்காற்றிலேயே உப்பு இருக்கிறது. முடிவு இப்படி ஆயிற்று. அடுத்த ராக்கெட்டின்போதும் அந்த வாசலில் தட்டு வைக்க வேண்டும். மறுபடி தாள் சிவந்தால் வரைபடத்தில் எல்லைக் கோடு ஓடையைத் தாண்டி நகரும். கோட்டுக்கு உள்ளே யாரும் குடியிருக்கக் கூடாது. யுலாலிக்கு குரூவில் அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுப்பார்கள்.

அதை அவளிடம் சொல்ல நானும் அனிசேயும் போனோம். அவள் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு எழுந்து போய்ப் பீப்பாயிலிருந்து ஒரு குவளை மொண்டு, எங்கள் முன்னால் நின்று குடித்தாள்.

"புளிக்குதா?" என்றார் அனிசே.

"உன் மூஞ்சிதான் புளிக்குது. மெஸ்யே, நீங்க குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். மழைத்தண்ணீரின் ருசிதான். ஆனால் நாக்கை நம்பி எதையும் சொல்ல நான் பழகவில்லை. "எனக்குத் தெரியல தாந்தின்" என்றேன்.

அவள் முதல் தடவையாகப் பயந்ததைப் பார்த்தேன். பீப்பாயைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு கோழிகளை, பிறகு கூரையை. "இத்தனை வருஷமா இதத்தான் குடிச்சேன்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

"டவுன்ல ரெண்டாவது அறை சும்மாதான் கெடக்கு. அடுக்குமாடி எதுக்கு?" என்றார் அனிசே, தரையைப் பார்த்தபடி.

"உனக்குச் சந்தோஷம்தானே?"

அனிசே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிப்பக்கம் நடந்தார். திரும்பி வரும்போது வண்டியில் என்னிடம் சொன்னார்: "அவ கேட்டது சரிதான் கொம்பே. ராத்திரி கனவு வந்துச்சு. எல்லாத் தட்டும் சிவந்து கெடக்கு. யுலாலி ஒரு பையத் தூக்கிட்டு என் வாசல்ல நிக்கிறா. நான் கனவுல சிரிக்கிறேன். முழிச்சுப் பாத்தா வெக்கமா இருந்துச்சு."

ஈஸ்டர் வந்தது. அந்த வருடம் அவர் கேட்கவில்லை.

அடுத்த ராக்கெட் ஏறும் காலையில் நானும் அவரோடு ஓடைக்குப் போனேன். அவள் வாசலில் ஒரு காற்றுமானி நட வேண்டியிருந்தது. வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ஓடைமேல் பனி கட்டியிருந்தது. எங்கோ காட்டுக்குள் குரங்குகள் ஊளையிட்டன, பக்கத்தில் இல்லை, தூக்கத்துக்குள் கேட்கிற மாதிரி. அனிசே தட்டை வைத்தார், தண்ணீர் ஊற்றினார். யுலாலி எங்களுக்குக் காப்பி கொடுத்தாள். வண்டியில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அனிசே தலையைத் தடவினார்.

"தொப்பிய விட்டுட்டேன்."

திரும்பினோம். வீட்டைச் சுற்றி வாசலுக்கு வந்தபோது யுலாலி பீப்பாயருகே குந்தியிருந்தாள். மடியில் அந்த வெள்ளைத் தட்டு. கையில் பாதி எலுமிச்சை. மீன்சட்டியைத் தேய்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலைக் காற்றில் எலுமிச்சை வாசனை என் மூக்கில் ஏறியது. அனிசேக்கு ஏறவில்லை. ஆனால் அவருக்குக் கண் இருந்தது.

"என்ன பண்ற?" என்றார்.

"பாத்தா தெரியல? கழுவுறேன். நீ அந்தப் பக்கம் போனதும் கோழி ஏறி மிதிச்சுருச்சு. போன தடவ அதுக்குள்ள பல்லி விழுந்து செத்துக் கெடந்துச்சு."

"போன தடவையும் எலுமிச்ச போட்டியா?"

"போடாம? மீன் வச்ச சட்டியா இருந்தாலும் சரி, பல்லி விழுந்த தட்டா இருந்தாலும் சரி, எலுமிச்ச தேய்க்காம நான் யார் கையிலயும் குடுத்ததில்ல. எங்க வீட்டுத் தட்டு அந்தப் படிச்ச பொம்பளை மேசைக்குப் போகுது. அழுக்கா அனுப்புவேனா?"

"தேய்ச்சுட்டுத் தண்ணில அலசுனியா?"

"அலசினா எலுமிச்ச எதுக்கு? அப்படியே விட்டுப் பீப்பாய்த் தண்ணிய ஊத்தினேன்."

அது அனிசேயின் தட்டு. சொல்ல வேண்டியவர் அவர். வண்டிக்குத் திரும்பிவிட்டால் போதும். மாலையில் தாள் சிவக்கும், கோடு நகரும், அவர் வாசலில் ஒரு பை வந்து நிற்கும். அவர் அங்கே நின்ற நேரம் அதிகம் இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் பனி ஓடையைவிட்டு எழுந்து கூரைவரை வந்து கலைந்ததை நான் முழுக்கப் பார்த்தேன்.

"யுலாலி, அதக் கீழ ஊத்து" என்றார் அனிசே.

"ஏன்?"

"உன் எலுமிச்சையாலதான் தாள் சிவந்துச்சு. மேகத்தால இல்ல."

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் கையிலிருந்த எலுமிச்சையைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, கடைசியில் தட்டின்மேல் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் காற்றுமானியின் திருகைச் சரிபார்க்கப் போய்விட்டேன். ஆனாலும் கேட்டது.

"ஏண்டா மடையா, பேசாம போயிருந்தா நான் உன் வீட்டுக்கு வந்திருப்பேனே."

"வந்திருப்ப. அப்புறம் மழை பெய்யும்போதெல்லாம் என் மூஞ்சியப் பாத்திருப்ப."

வண்டியில் இருந்த வடித்த தண்ணீரில் பெரும்பகுதியைக் கொட்டித் தட்டை அலசினோம். அலசிய தண்ணீரில் தாள் நனைத்துப் பார்த்தோம். மாறவில்லை. மீதியை ஊற்றி மறுபடி வைத்தோம். கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்தோம். நடந்ததை அங்கிருந்தே வண்டியின் வயர்லெஸ்ஸில் மதாம் கெர்வெலுக்குச் சொன்னேன்.

"எலுமிச்சையா?" என்றாள். "அப்ப போன தட்ட விட்டுருவோம். இன்னைக்குத் தட்டு என்ன சொல்லுதோ அதுதான். என் கணக்குப்படி மேல்பகுதி இன்னைக்கும் ஓடைமேல வரும் மெஸ்யே. மழையும் இருக்கு. அவங்களுக்குச் சொல்லிருங்க, நான் எதுக்கும் உறுதி குடுக்க முடியாது."

அது உண்மை. என் பலூனும் அதையேதான் சொல்லியிருந்தது. எலுமிச்சை போன தடவைக்குத்தான் பதில். இன்றைக்குப் பதில் வானத்தில் இருந்தது.

சாலைச் சாவடியில் நானும் அனிசேயும் நின்றோம். முதலில் வெளிச்சம் வந்தது. சத்தம் எப்போதும் பின்தங்கித்தான் வரும், அதுவரை உலகம் வாயைத் திறந்து பேசாமல் நிற்கும். பிறகு தரை அதிர்ந்தது. ராக்கெட் போய்விட்டது. மேகம் நின்றது. வெயில் பட்டு, உள்ளே விளக்கேற்றிய வீடு மாதிரி இருந்தது. அடிப்பாகம் காட்டுப்பக்கம் சாய்ந்து நடந்தது. மேல்பாகம் தயங்கியது, பிரிந்தது, எங்கள் தலைக்கு மேலாக மேற்கே வந்தது.

"வருது கொம்பே" என்றார் அனிசே மெல்ல.

அது ஓடைமேல் போனபோது அதை மேகம் என்றே சொல்ல முடியாது. துணியைத் தண்ணீரில் அலசும்போது வெளுப்பு விலகிப் போகுமே, அப்படி ஒரு விலகல். அதன் பின்னால் கருமேகம் ஒன்று கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நீல இடைவெளி. மழை முந்துமா, மெலிந்தது முந்துமா என்று நாங்கள் இருவரும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். அனிசே வாய்க்குள் மாட்டை ஓட்டுகிற சத்தம் எழுப்பினார். அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். வெளுப்பு ஓடையைத் தாண்டி அப்பால் போய்க் கரைந்தது. எந்த இடத்தில் கரைந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு மழை வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. யுலாலி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். தட்டைத் தொடவில்லை. தொடாததைக் காட்டுவதற்காகக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். மழை சேர்ந்து தட்டு நிரம்பியிருந்தது, அதில் ஒரு இலை மிதந்தது.

"இலைய எடுக்கலாம்னு கை துடிச்சுது. எடுக்கல" என்றாள்.

அனிசே தாளை நனைத்தார். அது வெளிர்மஞ்சளாக நின்றது. வெறும் மழைத்தண்ணீர் தாளுக்குக் கொடுக்கும் நிறம். மூன்று பேரும் குனிந்து, அது மனசு மாறுமா என்று காத்திருந்தோம். மாறவில்லை. நான் இன்னொரு தாள் கொடுத்தேன். அதுவும் அப்படியே.

"அப்ப நான் இருக்கலாமா?" என்றாள் யுலாலி.

"இரு" என்றார் அனிசே. தட்டைப் புட்டியில் சாய்க்கும்போது பாதி தரையில் போனது. மீதி போதுமானதாக இருந்தது.

கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. மதாம் கெர்வெல் அந்த வாசல் தட்டை நிரந்தரமாக்கினாள். ஆனால் ஒரு நிபந்தனை: தட்டைப் பொறுப்பான ஆள் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், கோழியோ எலுமிச்சையோ அண்டக்கூடாது. அனிசே அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். ராக்கெட் ஏறும் முதல் நாள் மாலையே போய் உட்கார ஆரம்பித்தார். பிறகு அதற்கும் முதல் நாள். அப்புறம் ராக்கெட் இல்லாத வாரங்களிலும், தட்டு இல்லாத வெறும் பெட்டியைக் காவல் காத்தார்.

"பெட்டிக்கு எதுக்குக் காவல்?" என்று சந்தையில் கேட்டார்கள்.

"கோழி பெட்டியில ஏறிப் பழகிட்டா அப்புறம் தட்டுலயும் ஏறும்" என்றார், முகத்தை மாற்றாமல்.

குரூ வீட்டின் கொக்கிகளைப் பிடுங்கிக்கொண்டு போய் யுலாலியின் தாழ்வாரத்தில் அடித்தார். நான் அங்கே பல மதியங்கள் படுத்திருக்கிறேன். கூரையிலிருந்து பீப்பாய்க்குள் மழை இறங்கும் சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டே இருந்தால் மழை எங்கே முடிகிறது, தூக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எத்தனையோ பலூன் விட்டவன் நான், அந்த எல்லையை மட்டும் சரியாகக் குறிக்க எனக்குக் கடைசிவரை முடிந்ததில்லை.

அனிசே போன மழைக்காலத்தில் அந்த ஊஞ்சல் படுக்கையிலேயே இறந்தார். யுலாலி அவர் சட்டையைத் துவைத்து உலர்த்தியிருந்தாள். அடுத்த ராக்கெட்டுக்கு யார் அந்த வாசலில் தட்டு வைப்பது என்று நிலையத்தில் பேச்சு வந்தபோது, அவளே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள்: தான் வைப்பதாக. எலுமிச்சை போட மாட்டேன் என்றும்.